பூந்துறையில் ஒரு ஃபெர்னாண்டஸ்

திருவனந்தபுரத்தில் சங்குமுகத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால் கண்ணாந்துறை, வலியதுறை, செறியதுறை, பீமாப்பள்ளி, பூந்துறை என்று ஊர்கள் வரிசையாக வரும். எந்த ஊர் எங்கே முடிகிறது என்று வெளியாளுக்குப் பிடிபடாது. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், மணலில் வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கும், எங்கும் வலை காயும். ஆனால் வீட்டு வாசல்களிலும் கடைப்பலகைகளிலும் உள்ள பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் எல்லை தெரிந்துவிடும். பீமாப்பள்ளியில் பெயர்கள் அரபு மரபைச் சேர்ந்தவை. அதற்கு வடக்கே செறியதுறையிலும் தெற்கே பூந்துறையின் கிறிஸ்தவத் தெருக்களிலும் ஃபெர்னாண்டஸ், பெரேரா, கோமஸ், லோப்பஸ், ரோட்ரிகஸ், டிக்ரூஸ், நெற்றோ. இறங்கும் கடல் ஒன்று, செய்யும் தொழிலும் ஒன்றுதான்.

ஏறத்தாழ ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஐபீரியத் தீபகற்பத்தில் பிறந்த ஒரு பெயர் இந்த மணலுக்கு எப்படி வந்தது? இவர்கள் போர்த்துக்கீசியரின் வழித்தோன்றல்கள் என்று வெளியூர்க்காரர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்தக் கரையின் முக்குவர் மக்களை அவர்கள் ஊரிலேயே விருந்தாளி ஆக்கிவிடும் விளக்கம் இது. அறிவியல் இதை ஏற்கவில்லை.

பெயரின் பிறந்த வீட்டிலிருந்தே தொடங்குவோம். பத்தாம் நூற்றாண்டிலும் பதினொன்றின் தொடக்கத்திலும் வடக்கு ஸ்பெயினின் கஸ்தீல் பகுதியை ஆண்ட பிரபுக்களின் வரிசையைப் பாருங்கள். ஃபெர்னான் கொன்சாலஸ்; அவர் மகன் கார்சியா ஃபெர்னாண்டஸ்; அவர் மகன் சாஞ்சோ கார்சியா; அவர் மகன் கார்சியா சாஞ்செஸ். தந்தை, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நாலு தலைமுறை. பின்னால் நிற்கும் பெயர் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. கொன்சாலோவின் மகன் கொன்சாலஸ், ஃபெர்னாண்டோவின் மகன் ஃபெர்னாண்டஸ். தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தகப்பன் பெயரின் முதலெழுத்தை நாம் முன்னால் போட்டுக்கொள்கிறோம். அவர்கள் முழுப்பெயரையும் பின்னால் போட்டுக்கொண்டார்கள்.

இடைக்காலம் முடிவதற்குள் இந்தச் சங்கிலி உறைந்துபோனது. சொத்து, வரி, வாரிசுரிமை எல்லாம் காகிதத்துக்கு ஏறியபோது, யாரோ ஒரு முன்னோரின் தகப்பன் பெயர் அந்தக் குடும்பத்துக்கே நிலையான பெயராயிற்று. ஃபெர்னாண்டோ என்ற பெயருள்ளவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆகவே ஆதி ஃபெர்னாண்டஸ் என்று ஒரே ஒருவர் இல்லை, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் பெயரில் உறைந்தன. இன்று ஸ்பெயினில் மிகப் பரவலான பத்துக் குடும்பப்பெயர்களில் அதுவும் ஒன்று. இன்னும் பின்னால் போனால் ஃபெர்னாண்டோவும் ஸ்பானியச் சொல் அல்ல. ரோமப் பேரரசு சரிந்தபின் வந்து 711 வரை அங்கே ஆண்ட விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயர் அது. அதன் பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். ரோட்ரிகஸும் கோமஸும் அதே கோத்துப் பெட்டியிலிருந்து எடுத்தவைதான். லோப்பஸுக்கு ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல் மூலம். பெரேரா என்றால் பேரிமரம். அந்த மரத்தால் பெயர்பெற்ற ஏதோ ஓர் இடத்தார்.

கடல் கடந்தபின் இந்தப் பெயர்கள் இரத்தத்தோடு மட்டும் பயணம் செய்யவில்லை. இதற்கு உலகிலேயே தெளிவான சான்று பிலிப்பைன்ஸ். 1849 நவம்பரில் அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். குடிமக்கள் எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும். அதற்காகச் சுமார் 60,000 பெயர்களை அகரவரிசையில் அடுக்கி ஒரு பட்டியல் அச்சிட்டார்கள். அதன் பக்கங்களைப் பிரித்து மாகாணங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்கும் அனுப்பினார்கள். குடும்பத் தலைவர்கள் தங்கள் ஊருக்கு வந்த தாளில் ஒரு பெயரைப் பொறுக்கிக்கொண்டார்கள். விளைவு, அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் போன்ற ஊர்களில் இன்றும் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அந்த ஊர்க்காரரின் பெயரைப் பார்த்து அவர் மூதாதை ஸ்பெயினிலிருந்து வந்தவர் என்று யாராவது சொன்னால், அவர் படித்திருப்பது ஒரு குமாஸ்தா வெட்டிய தாளைத்தான்.

திருவனந்தபுரம் கரையில் தாள் வெட்டவில்லை. இங்கே நடந்தது ஞானஸ்நானம், மலையாளத்தில் மாமோதீசா. அது நடந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் இழை தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1513-இல் கோழிக்கோட்டிலிருந்து ஒருவர் லிஸ்பனுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று ஜுவான் த குரூஸ் என்ற பெயரோடு திரும்பி வந்து குதிரை வியாபாரம் செய்தார். 1530-களில் முத்துக்குளிப்பு உரிமைக்காகப் பரதவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, போர்த்துக்கீசியரிடம் போங்கள், மதம் மாறினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று சொன்னவர் அவர். பட்டங்கட்டிகள் என்ற அவர்களின் ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 37 வாக்கில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்தது. பரதவரின் சாதித்தலைவர்கள் தலைமுறை தலைமுறையாக த குரூஸ் என்ற பெயரையே தாங்கினார்கள். அந்தப் பெயரைக் கொண்டுவந்த மனிதரே ஒரு மலபார்க்காரர் என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பியர் ஒருவரின் இரத்தம் இதில் எங்கும் வரவில்லை.

இரண்டாம் இழை நம் கரையிலேயே. 1544-இன் கடைசி மாதங்களில் இயேசு சபைப் பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர்க் கரையோரமாக, முக்குவர் ஊர்களின் வழியே நடந்தார். 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்கிறார். முறையையும் விவரிக்கிறார். ஊருக்குள் போனதும் ஆண்களையும் பையன்களையும் ஓரிடத்தில் கூட்டுவது. சிலுவை அடையாளம் போடச் சொல்லிக்கொடுப்பது. மந்திரங்களை அவர்கள் மொழியில் சொல்ல வைப்பது. தண்ணீர் ஊற்றியபின் ஒவ்வொருவருக்கும் அவருடைய புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுப்பது. பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளை அனுப்புவார்கள், அவர்களுக்கும் அப்படியே.

எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டை நினைத்துப் பாருங்கள். வாயில் நுழையாத ஒரு பெயர். நாளைக்கு மறந்துவிடக்கூடாதே என்பதற்காக ஒரு துண்டுச்சீட்டு. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்காது. இந்தக் கரையின் ஐபீரியப் பெயர்களுக்கு ஒரு பழைய சான்று அதைச் சொல்லும் அந்தக் கடிதம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஆப்பிரிக்காவின் சொஃபாலாவிலிருந்து சீனக் கரை வரை, ஆசியக் கடல் முழுவதிலும் சேர்த்தே இருந்த போர்த்துக்கீசியர் சில ஆயிரம் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் கோவா, கொச்சி, ஹோர்முஸ், மலாக்கா போன்ற கோட்டைகளில் இருந்தார்கள். பூந்துறையிலும் புல்லுவிளையிலும் வந்து குடியேற ஆளே இல்லை. மறுபக்கம், ஒரே மாதத்தில் ஒரே கரையில் 10,000 ஞானஸ்நானம். பெயர் ஏறிய வேகம் எந்தக் குடும்பமும் பெருகக்கூடிய வேகம் அல்ல. இத்தனை குடும்பங்களுக்கு இந்தப் பெயர் வந்தது பிறப்பால் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

சேவியர் எழுதிக் கொடுத்தது முதற்பெயர். பின்னொட்டாக வரும் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது? ஞானத்தகப்பனிடமிருந்து. மலையாளத்தில் தலதொட்டப்பன் என்பார்கள், தலையைத் தொட்டு நிற்கும் அப்பன். கப்பல் தலைவனோ, கோட்டைக் காவலனோ, வியாபாரியோ, பாதிரியாரோ யாராவது ஒருவர் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றால் அவர் பெயர் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வழியும் உண்டு. தாத்தாவின் ஞானஸ்நானப் பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகிவிடுவது. இந்த இரண்டாம் வழிக்கு அழகான தடயம் ஒன்று தூத்துக்குடியிலும் இலங்கையிலும் இருக்கிறது. அங்கே பரவலாக இருப்பது ஃபெர்னாண்டோ. போர்த்துகலிலும் ஸ்பெயினிலும் ஃபெர்னாண்டோ ஆளின் பெயர். குடும்பப்பெயராக அதைக் காண்பது அபூர்வம். அங்கே அபூர்வமானது இங்கே ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது என்றால், அது இறக்குமதியான குடும்பப்பெயராக இருக்க முடியாது, இந்தக் கரைகளிலேயே உறைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. தமிழ் நாவு அதைப் பர்னாந்து என்று தனதாக்கியும் கொண்டது. தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவரை அந்த ஊர் குரூஸ் பர்னாந்து என்றுதான் நினைவில் வைத்திருக்கிறது.

இலங்கையில் பெயர் சமயத்தையும் தாண்டிவிட்டது. பெரேரா, ஃபெர்னாண்டோ, டி சில்வா மூன்றும் அந்நாட்டின் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் சேர்ந்தவை. 1658-இல் போர்த்துக்கீசியர் வெளியேறிய பிறகு பல குடும்பங்கள் பௌத்தத்துக்குத் திரும்பின, பெயர் திரும்பவில்லை. கிரிக்கெட் வீரர் அரவிந்த டி சில்வா மட்டை பிடித்தபோது அந்தப் பின்னொட்டின் பிறப்பிடத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அது அதற்குள் சிங்களப் பெயராகிவிட்டிருந்தது.

பெயரை வைத்து மரபுவழியை அறியும் துறை ஒன்று உண்டு. அதை வளர்த்தவர்களில் முன்னோடி சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின். சார்லஸும் அவர் மனைவி எம்மாவும் மாமன் அத்தை பிள்ளைகள். இத்தகைய மணங்கள் இங்கிலாந்தில் எத்தனை சதவீதம் என்று மகனுக்குத் தெரியவேண்டியிருந்தது. 1875-இல் அவர் செய்தித்தாள்களின் திருமண அறிவிப்புகளை எடுத்து, மணமகனுக்கும் மணமகளுக்கும் ஒரே குடும்பப்பெயர் இருக்கும் மணங்களை எண்ணினார். 1965-இல் ஜேம்ஸ் குரோவும் ஆர்தர் மேஞ்சும் இந்த உத்தியை ஒரு சூத்திரமாக்கினார்கள். குடும்பப்பெயர் தந்தைவழி இறங்குவது போலவே ஆணின் ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. 2000-இல் ஆக்ஸ்போர்டின் பிரையன் சைக்ஸ் தன் சொந்தக் குடும்பப்பெயர் கொண்ட இங்கிலாந்து ஆண்களைச் சோதித்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அந்தப் பெயர் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். ஸ்பெயினில் செய்த ஆய்வுகளில் அரிய பெயர்களுக்குத்தான் இந்த ஒற்றுமை கிடைத்தது. கார்சியா, ஃபெர்னாண்டஸ் போன்ற பெருவாரிப் பெயர்களில் அது கரைந்துவிடுகிறது. பெயர் பிறந்த மண்ணிலேயே நிலை இதுவென்றால், இங்கே சொல்ல வேண்டியதில்லை.

குரோ, மேஞ்சு சூத்திரம் நம் கரையில் படும் பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகள் நாலு வகை: மாமன் மகள், அத்தை மகள், பெரியப்பா அல்லது சித்தப்பா மகள், பெரியம்மா அல்லது சித்தி மகள். தந்தைவழிப் பெயர் ஒன்றாக இருப்பது பெரியப்பா, சித்தப்பா மகளுக்கு மட்டுமே. நாலு வகை மணமும் சம அளவில் நடக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒரே பெயர் மணங்களின் எண்ணிக்கையை நாலால் பெருக்குவதுதான் சூத்திரத்தின் சாரம். ஐரோப்பாவில் இது ஒப்பேறும். தென்னிந்தியாவிலோ சித்தப்பா மகள் தங்கை. கட்டிக்கொள்வது மாமன் மகளையும் அத்தை மகளையும். அந்த இரண்டு உறவிலும் குடும்பப்பெயர் வேறு வேறுதான் இருக்கும். ஆகவே உண்மையான உறவு மணங்கள் எல்லாம் சூத்திரத்தின் கண்ணுக்குத் தப்பிவிடும். அதே நேரம், இரத்த சம்பந்தமே இல்லாத ஒரு ஃபெர்னாண்டஸ் மகனும் ஃபெர்னாண்டஸ் மகளும் மணந்தால் சூத்திரம் அதை உறவு மணம் என்று எண்ணிவிடும். இருப்பதைக் காணாது, இல்லாததைக் காணும். ஒரு நிலத்தின் உறவுமுறையை அறியாமல் அதன் பெயர்ப்பட்டியலைக் கணினியில் ஊட்டினால் வரும் விடை இப்படித்தான் இருக்கும்.

அடுத்து எழுத்துக்கூட்டல். கோவாக்காரர்கள் ஆங்கிலத்தில் ஃபெர்னாண்டஸ் என்று எழுதும்போது கடைசி எழுத்து எஸ். அது போர்த்துக்கீசிய வழக்கம். திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் இசட். அது ஸ்பானிய வழக்கம். அப்படியானால் இங்கே வந்தது ஸ்பெயின்காரர்களா? இல்லை. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியத்தில் இரண்டு எழுத்தும் புழங்கின. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலை அச்சிட்ட அன்ரிக்கே பாதிரியாரின் குடும்பப்பெயரே பழைய தாள்களில் எஸ், இசட் இரண்டிலும் காணப்படுகிறது. பின்னாளில் போர்த்துக்கீசியம் எஸ்ஸில் நிலைகொண்டது. கோவா 1961 வரை போர்த்துக்கீசியப் பதிவேட்டின் கீழ் இருந்ததால் அதையே பின்பற்றியது. திருவிதாங்கூரிலோ பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை.

ஸ்பெயினிலிருந்து நேராக வந்து இந்தக் கரையெங்கும் பரவிய பெயர் ஒன்று உண்டு. அது சேவியருடையதுதான். அவர் போர்த்துக்கீசியர் அல்ல, 1506-இல் நவார் நாட்டில், ஹவியேர் என்ற கோட்டை வீட்டில் பிறந்தவர். அந்த இடப்பெயர் பாஸ்க் மொழியில் புதுவீடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு வீட்டின் பெயர் குடும்பத்துக்கு ஆயிற்று. புனிதரின் புகழால் அது முதற்பெயராக மாறி, தமிழில் சவேரியாராகவும் சவரிமுத்துவாகவும் சவரியம்மாளாகவும், மலையாளத்தில் சேவ்யராகவும் ஊர் ஊராகப் பெருகியது. இந்தக் கரைக்குக் காலால் நடந்து வந்த ஸ்பானியப் பெயர் அது ஒன்றுதான்.

கலப்பு எங்குமே நடக்கவில்லை என்று சொல்வதும் பிழையாகிவிடும். கொல்லம் தங்கசேரியிலும் கொச்சியிலும் சட்டைக்காரர் என்று ஊரார் அழைத்த லூசோ-இந்தியக் குடும்பங்கள் உண்டு. அஞ்சுதெங்கு ஆங்கிலக் கோட்டையின் துபாசியாக இருந்து, 1721 ஏப்ரலில் 140 ஆங்கிலேயர் வரை கொல்லப்பட்ட ஆற்றிங்கல் கிளர்ச்சிக்குக் காரணமானவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் இக்னேஷியோ மல்ஹெய்ரோஸ் இப்படிப்பட்ட உலகத்தைச் சேர்ந்தவர். பெயர் மட்டும் கையில் இருந்தால் துபாசி வீட்டையும் கட்டுமரக்காரர் வீட்டையும் பிரித்தறிய முடியாது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

ஐபீரியப் பெயர்கள் கரையைவிட்டு உள்ளே அதிகம் ஏறவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்து லத்தீன் கத்தோலிக்கர் பெரும்பாலும் வெகு பிற்காலத்தில், கார்மலைட் பாதிரியார்களின் காலத்தில் திருச்சபைக்கு வந்தவர்கள். அங்கே யேசுதாஸ், கிறிஸ்துதாஸ், சத்யதாஸ் போன்ற பெயர்களே பழக்கம். ஒரே திருச்சபை, ஒரே மாவட்டம், சில கிலோமீட்டர் தூரம். பெயர் வேறாக இருப்பது, தலையில் தண்ணீர் விழுந்த நூற்றாண்டு வேறு என்பதால்.

இந்தப் பெயர்களில் ஒன்று இந்திய விண்வெளி வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1962-இல் விக்ரம் சாராபாய் காந்தநடுக்கோட்டுக்கு அருகே ராக்கெட் ஏவ இடம் தேடியபோது தும்பா பொருத்தமாக அமைந்தது. அங்கே மகதலேனா மரியாள் கோயில் இருந்தது, ஆயரின் இல்லம் இருந்தது, சுற்றிலும் மீனவர் குடிகள். கோயிலையும் ஊரையும் விட்டுத்தரும்படி சாராபாய் அணுகியது ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை. ஆயர் அந்தக் கேள்வியைத் தன் மக்கள் முன்னால் வைத்தார். அவர்கள் ஒப்புக்கொண்டு பள்ளித்துறைக்கு இடம்பெயர்ந்தார்கள். கோயில் முதல் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. அந்தக் கோயில் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். இஸ்ரோவின் கதையில் வரும் அந்தப் பெரேராவை வெளிநாட்டுப் பாதிரியார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருக்கும். வீட்டையும் கோயிலையும் விட்டுக்கொடுத்தவர்கள் இந்த மண்ணின் மக்கள்; அவர்கள் சார்பில் பேசியவர் அவர்களுடைய ஆயர்.

இப்போது பெயர்களின் பரவல் மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பனின் முதற்பெயரைச் சேர்ப்பது கேரளத்தில் பெருவழக்கு. கடலோரத்திலும் அது வேகமாகப் பரவுகிறது. தாத்தா ஃபெர்னாண்டஸ் என்று முடித்த இடத்தில் பேரன் தகப்பனின் பெயரைப் போட்டு முடிக்கிறான். 1874-இல் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் குடும்பப்பெயர்கள் எப்படி அழிகின்றன என்று கணித்தபோது, ஆண்பிள்ளை இல்லாமல் போவதையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஆண்பிள்ளைகள் நிறைய இருக்கும்போதே பெயர் நின்றுவிடுகிறது. ஒரு வகையில் இது பத்தாம் நூற்றாண்டுக் கஸ்தீல் பிரபுக்களின் முறைக்கே திரும்புவது. விலகாத பெயர்களும் இருக்கின்றன. 2022-இல் திருவனந்தபுரத்தின் பேராயராகப் பொறுப்பேற்ற தாமஸ் ஜே. நெற்றோ, புதியதுறை என்ற மீனவ ஊரில் பிறந்தவர். போர்த்துக்கீசிய வழக்கில் நெற்றோ என்பது தாத்தாவின் பெயரையே தாங்கும் பேரனுக்குச் சேர்க்கும் ஒட்டு.

இந்தக் கரையின் ஃபெர்னாண்டஸ்கள் எந்தெந்தத் தொட்டியருகே உண்டானார்கள் என்பதை ஊர் ஊராகக் கண்டுபிடிக்க முடியும். 1563-இல் முடிந்த கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும், அதில் ஞானப்பெற்றோரின் பெயரையும் எழுத வேண்டும் என்று விதித்தது. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், தலதொட்டப்பன் பெயர், தேதி. ஒரு மரபியலாளருக்கு இதைவிட நல்ல தரவு கிடைக்காது. தலதொட்டப்பனின் குடும்பப்பெயர் பிள்ளைக்கு எத்தனை தடவை இறங்கியது, தாத்தாவின் முதற்பெயர் எந்தத் தலைமுறையில் குடும்பப்பெயராக உறைந்தது என்பதையெல்லாம் எண்ணிச் சொல்லிவிடலாம். உப்புக்காற்றும் கரையானும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. மிஞ்சியிருக்கும் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பொழியூரிலிருந்து அஞ்சுதெங்கு வரை ஒரே அட்டவணையில் சேர்க்க வேண்டும். அதற்குத் தமிழும் மலையாளமும் பழைய போர்த்துக்கீசியக் கையெழுத்தும் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் வேண்டும். அவர்களில் சிலராவது அந்தத் துறைகளிலேயே பிறந்தவர்களாக இருந்தால், எந்த வீட்டுக்கு எந்த வீடு உறவு என்பதை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்காது.